அஞ்சறைப் பெட்டிக்கும் ஒரு ஸ்டாக் ரிஜிஸ்டர்

(செப்டம்பர் கடைசி ஞாயிறு மாலை நம் சமுதாயக் கூடத்தில் பேசியது. செயலாளர் எழுதிக் கேட்டதால் ஏறக்குறைய பேசியபடியே தந்திருக்கிறேன். கரண்ட் போன பத்து நிமிஷம் பேசியது மட்டும் இதில் இல்லை.)



எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. 34 வருஷம் பேங்க் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன். அங்கே நான் அதிகம் பேசிய வார்த்தை "அடுத்தது யாரு?" என்பதுதான். படித்தது பி.காம். சமையல் சாமான்களைப் பற்றி இவர் என்ன சொல்லிவிடப் போகிறார் என்று முன் வரிசையில் இருக்கும் அம்மாமார்கள் நினைப்பது நியாயம். இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை சீரகத்துக்கும் சோம்புக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு நாள் சோம்பைப் போட்டு ரசம் வைத்து, அதை நானே குடித்தும் தீர்த்தேன்.

நான் சமையலறைக்குள் போனதற்குக் காரணம் என் மனைவியின் பி.பி. இந்தக் கூடத்தில் நடந்த மருத்துவ முகாமில்தான் முதலில் தெரிந்தது. 170/100. அவளுக்குத் தலைவலியோ மயக்கமோ எதுவும் இல்லை. முகாமுக்கு வந்ததே பக்கத்து வீட்டு அம்மாவுக்குத் துணையாகத்தான். டாக்டர் மாத்திரை கொடுத்தார். கூடவே, உப்பைக் குறைத்தே ஆக வேண்டும் என்றார். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். அதாவது ஒரு டீஸ்பூன்கூட முழுசாக இல்லை. அதற்குள்தான் சாம்பார், ஊறுகாய், அப்பளம், பிஸ்கட் எல்லாம் அடங்க வேண்டும்.

"நாம அவ்வளவா சேர்க்கிறதில்லையே" என்றாள் மனைவி. எனக்குக் கணக்கு பார்க்காமல் இருக்க முடியாது. புது உப்புப் பாக்கெட் பிரித்த தேதியை அதன் மேலேயே எழுதி வைத்தேன். ஒரு கிலோ 40 நாளில் தீர்ந்தது. வீட்டில் இருப்பது இரண்டு பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு பன்னிரண்டரை கிராம். ஊறுகாய், அப்பளம் இதில் சேரவில்லை. உங்கள் வீட்டிலும் இதைச் செய்து பாருங்கள். பேனா ஒன்று போதும், வேறு செலவில்லை.

சரி, உப்பைப் பாதியாக்கினோம். என்ன ஆனது என்றால், அவள் சாப்பிடுவதே பாதியானது. ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுவாள். இரண்டு மாதத்தில் நாலு கிலோ எடை குறைந்தது. ஒரு நாள் விளக்குத் திரி தேடப் போனேன். சாமி அலமாரியில் குங்குமச் சிமிழ்களுக்குப் பின்னால் ஒரு சின்ன டப்பா. உள்ளே தூள் உப்பு. (அவள் அனுமதியோடுதான் சொல்கிறேன். மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறாள்.) அன்றைக்குக் கோபித்துக்கொண்டேன். பிறகு யோசித்தேன். பேங்க்கில் கணக்கு உதைத்தால் ஆளைத் திட்டிப் பயன் இல்லை, லெட்ஜரைப் பிரிக்க வேண்டும். உப்பை எடுத்தவுடன் சாப்பாட்டில் ஒன்றுமே இல்லாமல் போகிறது என்றால், மற்ற சாமான்கள் எல்லாம் என்ன செய்துகொண்டிருக்கின்றன?

அந்த வாரமே எங்கள் சமையலறைக்கு இன்ஸ்பெக்‌ஷன் போட்டேன். பரண், அலமாரி, ஃப்ரிட்ஜ் கதவு எல்லாவற்றிலும் சேர்த்து 43 டப்பாக்கள். மல்லித்தூள் மட்டும் மூன்று, மூன்றும் பாதி பாதி. பெண் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வாங்கிய பிரியாணி மசாலா ஒன்று இருந்தது. அந்தப் பேரன் இப்போது ஆறாம் வகுப்பு. கிரகப்பிரவேசத்தின்போது அவன் கைக்குழந்தை. மிளகைக் கடித்தால் காரம் இருந்தது, மணம் இல்லை. இதற்குக் காரணம் உண்டு. மிளகின் காரம் பைப்பரின் என்ற பொருளால் வருவது, அது சுலபத்தில் போகாது. மணம் என்பது ஆவியாகிப் போகும் எண்ணெய். முழு மிளகில் அது தோலுக்குள் அடைபட்டுக் கிடக்கும். பொடித்த நிமிஷத்திலிருந்து வெளியேறத் தொடங்கிவிடும். சீரகம், மல்லி, ஏலக்காய் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். நாம் பழைய பொடியைப் போட்டுவிட்டு, ருசி போதவில்லையே என்று உப்பைக் கூட்டிக்கொண்டே போகிறோம். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

43-ல் 29 டப்பாக்களைக் காலி செய்தேன். பேங்க் பாஷையில் டெட் ஸ்டாக், ரைட் ஆஃப். மனைவிக்கு வருத்தம்தான். மறுநாள் மிளகு 50 கிராம், சீரகம் 50 கிராம், மல்லி 100 கிராம், கட்டிப் பெருங்காயம் ஒரு சின்ன டப்பா வாங்கி வந்தேன். மிளகையும் சீரகத்தையும் வெறும் வாணலியில் சூடு காட்டி, இடிகல்லில் ஒன்றிரண்டாக இடித்து ரசத்தில் போட்டேன். பாதி உப்புதான். இறக்கி வைத்து எலுமிச்சம்பழம் பிழிந்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். "உப்பு சரியாப் போட்டுட்டீங்களா? டாக்டர் திட்டப் போறார்" என்றாள். என் சர்வீஸில் எந்தப் பிரமோஷனும் அவ்வளவு சந்தோஷம் தரவில்லை. கிளார்க்காகச் சேர்ந்து கிளார்க்காகவே ரிட்டயர் ஆனவனுக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

ஆக, நான் சொல்ல வந்த விஷயம் ஒன்றுதான். வீட்டில் இருக்கும் சாமான் புதுசாக இருந்தால் உப்பு தானாகக் குறையும். புதுசாக இருக்க வேண்டுமானால் கொஞ்சமாக வாங்க வேண்டும்.

இதைச் சொன்னால் நம் வயதுக்காரர்களுக்கு ஒப்பாது என்று தெரியும். எங்கள் அம்மா தஞ்சாவூர்ப் பக்கம் கிராமத்தில் சித்திரையில் வருஷ சாமான் வாங்குவார்கள். மிளகாய் 10 கிலோ, மல்லி 10 கிலோ, புளி ஒரு பானை. அதில் அர்த்தம் இருந்தது. மாசி, பங்குனியில் புதுப் புளி, புது மல்லி வரும். ராமநாதபுரம் பக்கத்து முண்டு மிளகாயும் அதையொட்டி வந்துவிடும் (2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது). மலை மிளகும் ஈரோட்டு மஞ்சளும் அதற்குச் சற்று முன்பே வந்திருக்கும். சித்திரை வெயிலில் எல்லாம் மொறுமொறுவென்று காயும். அந்த வீட்டில் 11 பேர் சாப்பிட்டோம். மறு சித்திரைக்குள் பானை காலி.

அந்த ஞாபகத்தில் நானும் போன வருஷம் சித்திரையில் 3 கிலோ மிளகாய் வாங்கி, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் சோலார் பலகைக்கும் நடுவில் காய வைத்து, தகர டின்னில் போட்டுப் பரணில் ஏற்றினேன். எங்கள் வீட்டுச் செலவு மாதம் 100 கிராம்கூட வராது. 3 கிலோ என்றால் இரண்டரை வருஷம். இந்தச் சின்னக் கூட்டலை முன்பே போட்டிருக்க வேண்டும். பி.காம். படித்தவன்! நவம்பர் மழையில் பரண் சுவர் ஓதம் காத்தது. கார்த்திகையில் திறந்தால் காம்புப் பக்கம் வெள்ளையும் பச்சையுமாகப் பூசணம்.

மனைவி, கழுவி வெயிலில் போட்டால் சரியாகிவிடும் என்றாள். நம்மில் பல பேர் அப்படிச் செய்கிறவர்கள்தான். தயவுசெய்து செய்யாதீர்கள். மிளகாய், நிலக்கடலை போன்றவற்றில் பிடிக்கும் சில பூசணங்கள் அஃப்ளடாக்சின் என்ற விஷத்தை உண்டாக்கும். ஈரலைக் கெடுக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும் விஷம் அது. பூசணத்தைத் துடைத்துவிடலாம், விஷம் உள்ளே இருக்கும். குழம்பில் கொதிக்க வைத்தாலும் போகாது. 3 கிலோவில் செலவானது போக மீதி இரண்டரை கிலோவைக் குப்பையில் போட்டோம். பணம் போனது போகட்டும், முன்பே அரைத்துப் பொடியாக்கியிருந்தால் பூசணம் கண்ணுக்கே தெரிந்திருக்காது. அதை நினைத்தால்தான் பயம். நம் வீடுகளில் ஆள் குறைந்துவிட்டது, டப்பா மட்டும் குறையவில்லை.

இப்போது நான் வைத்திருக்கும் முறையைச் சொல்கிறேன். மூன்று மாதத்துக்கு மேல் எதுவும் இல்லை. இரண்டு பேருக்கு மிளகாய் கால் கிலோ, மல்லி கால் கிலோ, மிளகு, சீரகம், கடுகு 100 கிராம் வீதம், வெந்தயம் 50, மஞ்சள்தூள் 50. ஒவ்வொரு டப்பாவிலும் பிளாஸ்திரித் துண்டு ஒட்டி வாங்கிய தேதி எழுதுகிறேன். புதுசைப் பழசின் மேல் கொட்டுவது கிடையாது. பழசு தீர்ந்து, டப்பாவைக் கழுவி வெயிலில் காய வைத்த பிறகுதான் புதுசு. முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்பதுதான் காமர்ஸில் முதல் பாடம். அஞ்சறைப் பெட்டியில் பத்து நாளைக்கு வேண்டியது மட்டும். அது தினமும் பத்துத் தடவை திறக்கிற பெட்டி, அதில் மணம் தங்காது. மீதியெல்லாம் எவர்சில்வர் டப்பாவில், அடுப்புக்கு எதிர்ச் சுவர் அலமாரியில், கதவு சாத்தி.

அடுப்புக்கு மேலே அலமாரி வைப்பது கைக்கு வசதிதான். ஆனால் நீராவியும் சூடும் நேராக அங்கேதான் போகின்றன. ஃப்ரிட்ஜின் தலை மேலும் வேண்டாம், அங்கேயும் சூடு உண்டு. என் பெண் வீட்டில் ஜன்னல் ஓரமாகக் கண்ணாடி பாட்டில்கள் வரிசையாக, பார்க்க நகைக்கடை மாதிரி இருக்கும். வெளிச்சம் பட்டால் மஞ்சளும் மிளகாய்த்தூளும் வெளுக்கும். மஞ்சளில் இருக்கும் குர்குமின் வெளிச்சத்தில் சிதையும். சொன்னேன். "அப்பா, இது மாடுலர் கிச்சன்" என்றாள். அதற்கு மேல் நான் பேசவில்லை.

கொதிக்கும் குழம்பின் மேல் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டாதீர்கள். ஆவி உள்ளே போய்த்தான் பொடி கட்டி தட்டுகிறது. ஈரக் கரண்டிக்கும் இதே பலன்தான். மிச்சப் பொடியை ஃப்ரிட்ஜில் வைக்கலாம், ஆனால் குளிர்ந்த டப்பாவை வெளியே எடுத்து உடனே திறந்தால் உள்ளே வியர்க்கும். சற்று நேரம் வெளியே வைத்து, பிறகு திறந்து, வாரத்துக்கு வேண்டியதை மாற்றிக்கொண்டு மூடி வையுங்கள். வண்டு மல்லியிலும் மஞ்சளிலும்கூட வரும். டப்பா அடியில் மெல்லிய தூள் உதிர்ந்திருந்தால் அதுதான் அடையாளம். சாமான் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, நாலு சீரகத்தை உள்ளங்கையில் வைத்து அழுத்தித் தேய்த்து மோந்து பாருங்கள். மணம் முகத்துக்கு வர வேண்டும். கையை மூக்கில் ஒட்டிக்கொண்டு தேட வேண்டியிருந்தால் அது முடிந்துபோன கணக்கு.

பச்சை இலைகளுக்கு வருகிறேன். கறிவேப்பிலை முன்பு கொசுறாக வந்தது, இப்போது 10 ரூபாய். வாங்கியதும் உருவி, கழுவாமல், துணியில் சுற்றி மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். கொத்தமல்லிக்கு வேரை நறுக்கிக் காகிதத்தில் சுற்ற வேண்டும். கழுவுவது சமைக்கும்போதுதான். வதங்கத் தொடங்கிய கறிவேப்பிலையை நிழலில் உலர்த்திப் பொடித்து வைக்கிறேன். மோரில் ஒரு சிட்டிகை போட்டால் உப்பு ஞாபகமே வராது. பால்கனி உள்ளவர்கள் கற்பூரவல்லி ஒரு தொட்டி வையுங்கள். சில பேர் ஓமவல்லி என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். ஒரு குச்சி நட்டால் போதும். குச்சிக்கு எங்கள் வீட்டு மணியை அடிக்கலாம்.

பருவத்துக்கு ஏற்ற சமையல் என்று பெரிதாகத் திட்டம் எதுவும் எங்களிடம் கிடையாது. அந்தந்த மாதம் எது புதுசாக வருகிறதோ, எது உடம்புக்குக் கேட்கிறதோ அது. வெயில் காலத்தில் நீர் மோர்தான்: இஞ்சி, கறிவேப்பிலை, கொத்தமல்லி, ஒரு துளி பெருங்காயம். பொங்கலுக்குப் பானையில் கட்டும் மஞ்சள் கொத்தைக் காய்ந்த பிறகு தூக்கிப் போடுகிறோமே, அந்தப் பச்சை மஞ்சளைப் பொங்கல் முடிந்ததும் துருவிக் கூட்டில் போட்டுப் பாருங்கள். தையில் மாங்காய் இஞ்சியும் வரும். அதற்கு எலுமிச்சம்பழம் மட்டும் போதும். பங்குனியில் நம் கேட் அருகே இருக்கும் வேப்ப மரம் பூ உதிர்க்கும். கார் மேல் விழுகிறது என்று வருஷா வருஷம் புகார் புத்தகத்தில் எழுதுகிறார்கள். ஒரு பழைய வேட்டியை மரத்தடியில் விரித்தால் பதினைந்து வீட்டுக்கு வருஷம் முழுக்க வேப்பம்பூ ரசம். வேப்பம்பூவை உப்பில்லாமல் அப்படியே உலர்த்தலாம், அதுதான் அதன் பெருமை.

ஏனென்றால், மற்ற வற்றல்களில்தான் ஏமாறுகிறோம். மழைக்கு நல்லது என்று மணத்தக்காளி, சுண்டைக்காய் வற்றலும் மோர் மிளகாயும் வறுத்துச் சாப்பிடுகிறோம். அவை உப்பு மோரில் ஊறிக் காய்ந்தவை. நாங்கள் வற்றலை வெந்நீரில் போட்டு எடுத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குழம்பு வைக்கிறோம், குழம்புக்குத் தனியாக உப்பு இல்லை. கடையில் வாங்கும் மசாலாப் பொட்டலங்களின் முதுகையும் படியுங்கள். சிலவற்றில் மல்லி, மிளகாய்க்கு நடுவே உப்பும் உட்கார்ந்திருக்கும்.

இந்துப்பு பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். இந்துப்பும் சோடியம் குளோரைடுதான். நிறம்தான் ரோஜா. பி.பி.க்கு அது சலுகை தராது. சோடியம் குறைத்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்து, சில பி.பி. மாத்திரைகளோடும் சேராது. டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது என் தப்பு. போன ஐப்பசியில் மனைவிக்குத் தொண்டைக் கட்டு. வாட்ஸ்அப்பில் வந்த கஷாயம்: சுக்கு, மிளகு, அதிமதுரம். மூலிகைதானே என்று மூன்று வாரம் காலையும் மாலையும் கொடுத்தேன். இனிப்பாக இருந்ததால் அவளும் குடித்தாள். குறைந்திருந்த பி.பி. 160-க்கு மேல் போனது. டாக்டர் மாத்திரையைக் கூட்டுவதற்கு முன்பு, வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அதிமதுரம் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அது உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். நிறுத்தினோம், சில வாரத்தில் பழைய அளவுக்கு இறங்கியது. ஒரு வருஷம் உப்பைச் சுண்டு விரலால் அளந்துவிட்டு, நானே பின்வாசல் வழியாக விட்டிருக்கிறேன். ரசத்தில் போடும் அளவு வேறு, மருந்தாகக் கரைத்துக் குடிக்கும் அளவு வேறு. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தினமும் எந்தக் கஷாயம் குடிப்பதானாலும் டாக்டரிடம் பெயரைச் சொல்லிவிடுங்கள். நான் இங்கே பேசுவது சமையல், வைத்தியம் இல்லை.

மழைக்கு எங்கள் வீட்டு ரசப்பொடி: மல்லி நாலு மேஜைக்கரண்டி, மிளகு இரண்டு, சீரகம் இரண்டு, துவரம்பருப்பு ஒன்று, ஒரு மிளகாய். தனித்தனியாகச் சூடு காட்டி, ஆறவிட்டு, கொரகொரப்பாக அரைத்தால் பத்து நாள் வரும். உப்பு கிடையாது. ரசத்துக்கு உப்பைக் கடைசியில், இறக்கும்போது போடுகிறேன். அப்போதுதான் அளவு தெரிகிறது. இப்போது எங்கள் உப்புப் பாக்கெட் 85 நாள் வருகிறது. ஆளுக்கு 6 கிராமுக்குச் சற்றே கீழே. 5-ஐ இன்னும் தொடவில்லை. வாரம் ஒரு அப்பளம் என்று ஒப்பந்தம், அதை மீறுவது அவளா நானா என்று இந்தச் சபையில் சொல்ல மாட்டேன். மனைவிக்கு எடை திரும்பிவிட்டது. பி.பி. போன மாதம் 134/82. மாத்திரையும் உண்டு, அதை மறைக்கவில்லை.

கொஞ்சமாக வாங்கு என்று சொல்வது சுலபம், சாம்பார் பொடி கால் கிலோவுக்கு மில்லில் மிஷின் போட மாட்டேன் என்கிறார்களே என்று நம் பி பிளாக் அம்மா ஒருவர் கேட்டார். உண்மைதான். ஒரு கிலோவாவது இல்லாவிட்டால் பாதி மிஷினிலேயே தங்கிவிடும். அதனால் நாங்கள் நாலு வீடு சேர்ந்து அரைக்கிறோம். மல்லி ஒரு கிலோ, மிளகாய் அரை கிலோ, பருப்பு, மிளகு, வெந்தயம், விரலி மஞ்சள் எல்லாம் பங்கு போட்டு வாங்கி, ஒருவர் வீட்டில் வறுத்து, ஒருவர் மில்லுக்குப் போகிறார். மில்லில் இருந்து பொடி சூடாக வரும். அப்படியே டப்பாவில் அடைத்தால் வியர்த்துக் கட்டியாகிவிடும். பேப்பரில் பரப்பி நன்றாக ஆறிய பிறகு எடை போட்டுப் பிரிக்கிறோம். வரவு செலவு நோட்டு என்னிடம். போன தடவை ஒரு வீட்டுக்கு 4 ரூபாய் திருப்பிக் கொடுத்தேன்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். அதற்குள் பரணை ஒரு தடவை இறக்கிப் பாருங்கள். அடுத்த அரைப்பு அக்டோபர் இரண்டாம் ஞாயிறு. சேர விரும்புகிறவர்கள் முந்தின புதன்கிழமைக்குள் ஏ பிளாக் நோட்டீஸ் போர்டில் இருக்கும் தாளில் வீட்டு எண்ணும் வேண்டிய அளவும் எழுதுங்கள். அரை கிலோவுக்கு மேல் யாருக்கும் கிடையாது. அன்றைக்கு மழை வந்தால் அடுத்த வெயில் நாளுக்குத் தள்ளி வைப்போம், ஈரக் காற்றில் மிளகாய் அரைபடாது.